நிற்பதுதான் வியாதி

ஜூன் 12

டாக்டரம்மா சொன்னதன் பேரில் இன்று முதல் இந்த நோட்டில் எழுதுகிறேன். புதுக்கோட்டை டவுன், மேல நான்காம் வீதியில் வசிக்கும் சிற்சபேசன் ஆகிய நான், பத்திர எழுத்தர், வயது 61, என் மனைவி மங்கையர்க்கரசி, வயது 56, தூங்குகிற விதத்தைப் பற்றி, யாருடைய தூண்டுதலும் இன்றி, சுயபுத்தியுடன் எழுதிக்கொள்வது. முப்பத்தைந்து வருடமாக ஊரார் சொத்துக்கு நான்கு எல்லை எழுதிய கை. இப்படித்தான் ஆரம்பிக்கும்.

விஷயம் இது. மங்கைக்கு இரண்டு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. காலையில் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறாள். பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகுகிறது. கீரை ஆய்ந்துகொண்டே தூங்குகிறாள், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குகிறாள். போன வாரம் அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து, சேலைத் தலைப்பில் தீ பிடித்துவிட்டது. நல்ல வேளையாக நான் தண்ணீர் குடிக்க வந்தேன். பிரஷர் பார்க்கிற டாக்டர் இதைக் கேட்டதும் நுரையீரல் டாக்டர் ஜெசிந்தாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். தூக்கத்துக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா தையற்காரர் மாதிரி டேப் எடுத்து மங்கையின் கழுத்தை அளந்தார். பதின்மூன்று அங்குலம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் நின்று முகத்தைப் பார்த்து, "தாடை சின்னதா உள்வாங்கி இருக்கு. உடம்பு ஒல்லியா இருந்தாலும் இப்படி இருந்தா வரும்" என்று எழுதிக்கொண்டார்.

"குறட்டை விடுவாங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல நாய் வளக்கிறதில்ல டாக்டர். தேவைப்படல."

டாக்டரம்மா லேசாகச் சிரித்தார். மங்கையும் சிரித்தாள். இதை நான் நூறு இடத்தில் சொல்லியிருக்கிறேன், நூறு இடத்திலும் அவள் சிரித்திருக்கிறாள்.

"தொடர்ச்சியா வருமா, நின்னு நின்னு வருமா?"

"நின்னு நின்னுதான். அது நிக்கிற நேரமாப் பாத்து நாம தூங்கிக்கணும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், குறட்டை வெறும் சத்தம். நிக்கிறதுதான் வியாதி. அந்த நேரத்துல அவங்களுக்கு மூச்சு போகல."

தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழி அடைத்துக்கொள்கிறதாம். ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை பதறி ஒரு உலுக்கு உலுக்கி எழுப்பிவிடுகிறதாம். எழுந்தது அவர்களுக்கே நினைவிருக்காது. இரவு முழுக்க இப்படியே நடந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத மாதிரிதான். பெயர் ஸ்லீப் ஆப்னியா. விட்டுவிட்டால் இதயத்தைப் பிடிக்குமாம், பக்கவாதம் வருமாம்.

பிறகு ஒரு தாளை வைத்துக் கேட்டார். டிவி பார்க்கும்போது தூங்கிவிடுவீர்களா, பஸ்ஸில், சாப்பிட்ட பிறகு, யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது? பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மங்கை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்றாள். சேலையில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவள் சொல்கிற பதிலைப் பாருங்கள்.

"பக்கத்துல படுக்கிறவங்கதான் இதுக்கு முதல் சாட்சி. ரெண்டு வாரம் கவனிச்சு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார் என்னிடம். சாட்சி என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 13

படுத்தது 9.50. தூங்கியது 10.10. குறட்டை ஆரம்பம் 10.20. பத்து வினாடிக்கு மேல் நின்றால்தான் கணக்கு என்று டாக்டரம்மா சொன்னார். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 14 வினாடி. 22. 19. 31. ஒரு மணி நேரத்தில் இருபத்தாறு தடவை.

முப்பத்தொன்று நின்றபோது நானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. அவள் வயிறு ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்று இல்லை. பிறகு ஒரு பெரிய செருமல், தோள் துள்ளுகிறது, திரும்பிப் படுக்கிறாள். முப்பத்து மூன்று வருடமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், அந்த வயிற்றை இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 14

மணிக்கு 29. காலையில் தலைவலி, நெற்றியில் தைலம். கத்திரிக்காய் புளிக்குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 17

விழித்துக்கொண்டாள். நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட நீங்க இப்படிப் பாக்கலயே" என்றாள்.

"அன்னிக்கு நீ முழிச்சிருந்த. அதான் பயம்."

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதையெல்லாம் அந்தம்மாகிட்ட அப்படியே காட்டுவீங்களா?" என்றாள்.

"சாட்சின்னா காட்டித்தான் ஆகணும்."

"சத்தம் எப்படி வருதுன்னும் எழுதியிருக்கீங்களா?"

இல்லை, எண்ணிக்கை மட்டும்தான் என்றேன். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தூங்கினாளா என்று தெரியவில்லை. குறட்டை இல்லை. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஜூன் 22

அறந்தாங்கியில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. முந்தின நாளே போய் மண்டபத்தில் தங்கினோம். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மங்கைக்கு என்ன வைத்தியம் என்று அக்கா கேட்டாள். வாயால் சொன்னால் புரியாது என்று செய்தே காட்டினேன். முதலில் மெதுவாக, பிறகு மேடேறுகிற லாரி, அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் அந்தச் செருமல். அக்காவின் சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மங்கையும்தான் சிரித்தாள்.

இரவு எண்ணிக்கை இல்லை, ஏனென்றால் அவள் தூங்கவில்லை. மண்டபத்துக்குப் போனால் சாமான்களுக்குக் காவல் எப்போதும் அவள்தான். எல்லாரும் வரிசையாகப் படுத்திருக்க, இவள் ஒருத்தி சுவரில் சாய்ந்து விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். எத்தனையோ கல்யாணங்கள், ஒரு மண்டபத்திலும் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. மங்கை இருந்தால் பெட்டிக்குப் பூட்டே வேண்டாம் என்பாள் அக்கா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசவில்லை. பஸ்ஸிலும் ஒரே இரைச்சல்.

ஜூன் 26

டாக்டரம்மா நோட்டை முழுக்கப் படித்தார். "வக்கீல் மாதிரி எழுதியிருக்கீங்க சார்" என்றார். வக்கீலுக்கே நாங்கள்தான் எழுதிக் கொடுக்கிறோம் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

இனிமேல் பரிசோதனை. இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுக்க வேண்டும். தலையிலும் முகத்திலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, மூளை தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்பது முதல் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். பக்கத்து அறையில் ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆம்பளையா?" என்று கேட்டாள் மங்கை. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"யாரு டியூட்டியோ அவங்க."

"அது வேண்டாம் டாக்டர்."

இன்னொன்று, சின்னக் கருவியை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். மாட்டிக்கொண்டு நம் கட்டிலிலேயே படுக்கலாம். மங்கை அதற்கு உடனே தலையாட்டினாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இந்தக் கருவிக்கு மூச்சு தெரியும், தூக்கம் தெரியாது. முழிச்சுட்டே படுத்திருந்தா முழிச்சிருக்கிற மூச்சைப் பதிஞ்சுட்டு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிரும். சரியாத் தூங்கலன்னா சொல்லிருங்க. இன்னொரு நாள் வைக்கலாம், ஒண்ணும் நஷ்டமில்ல."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜூலை 3

சாயங்காலம் கருவி வாங்கி வந்தோம். மாட்டுகிற விதத்தைக் காட்டிய நர்ஸிடம் மங்கை, "இதுல சத்தமும் பதிவாகுமாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, குறட்டையும் பதிவாகும்."

"அத யாரு கேப்பாங்க?"

"காலைல கொண்டு வந்தீங்கன்னா எங்க சார் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பாரு."

மங்கை சரி என்றாள். வழியில் பூ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

கருவியோடு ஒரு படிவம். படுத்த நேரம், தூங்கிய மணி, எழுந்த நேரம், உடனிருந்தவர் கையெழுத்து. மங்கைக்குப் படிவம் என்றாலே என்னிடம் நீட்டித்தான் பழக்கம். ரேஷன் கார்டிலிருந்து மகள் சுபா கல்யாணப் பத்திரிகை வரை நான் எழுதியதுதான்.

ஜூலை 4

நேற்று நான் பிரமாதமாகத் தூங்கினேன். படுத்ததுதான் தெரியும், ஐந்தரைக்குத்தான் விழிப்பு. எத்தனை வருடமாயிற்று இப்படி.

மங்கை அதற்குள் குளித்து, வாசலில் பெரிய கோலம் போட்டு, இட்லி ஊற்றி வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. தூசி என்றாள். படிவத்தைப் பூர்த்தி செய்து கருவியோடு கொடுத்துவிட்டு வந்தேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. எங்கள் தொழிலில் காலிக் கட்டம் இருந்தால் பத்திரம் திரும்பி வரும்.

ஆனி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆபீஸில் கூட்டம். இன்று மூன்று கிரயம், ஒரு தானம். சாட்சிக்கு ஆள் குறைந்தால் டீக்கடைச் சுந்தரம்தான். விற்பவரையும் தெரியாது, வாங்குபவரையும் தெரியாது, கையெழுத்து மட்டும் முத்து முத்தாகப் போடுவார். இன்று இரண்டு இடத்தில் போட்டார்.

ஜூலை 9

ரிப்போர்ட் வந்தது. மணிக்கு மூன்று. ஐந்துக்குக் கீழே இருந்தால் நார்மல்.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி இல்லை. என் நோட்டை ஒரு பக்கமும் ரிப்போர்ட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, "ரெண்டும் பொருந்தலயே சார். அன்னிக்கு நல்லாத் தூங்கினாங்களா?" என்றார்.

"தூங்கினா டாக்டர்."

"இருபத்தாறு, இருபத்தொன்பதுன்னு எழுதியிருக்கீங்க."

"தூக்கக் கலக்கத்துல எண்ணினது. நான் தப்பா எண்ணியிருப்பேன்."

மங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னமோ திருச்சி டெஸ்டையும் பாத்துரலாம்னு தோணுது. சீட்டு எழுதித் தரேன். தள்ளிப் போடாதீங்க."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். கரூரில் இருக்கும் மகள் சுபாஷிணிக்கு போன் போட்டு நார்மல் என்று சொன்னேன். "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன்.

நார்மல் என்று வந்துவிட்டதால் நோட்டு எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூலை 24

நிறுத்தினேன், ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஆடி பிறந்துவிட்டது, ஆபீஸில் ஈ ஓட்டுகிறேன். திருச்சி போய் வரலாமா என்று கேட்டேன். ஆடியில் போய் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றாள். அதுவும் சரிதான் என்றேன். ரொம்பச் சீக்கிரமாகவே சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். மாலையில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 11

மங்கை இன்று காலை எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 14

வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். புண்ணியவதி, ஒருத்தருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டாள். இப்படி ஒரு சாவுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல படுத்திருந்த உனக்கே தெரியாம போயிட்டாளேடா" என்று அழுதாள். ஆமாம் அக்கா என்றேன். எனக்குத் தெரியாமல்தான் போனாள். நடு இரவில் குறட்டை நின்றது காதில் விழுந்தது. நின்றதே என்று நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

டாக்டர் ஜெசிந்தாவைப் போய்ப் பார்த்தேன். மாரடைப்பு என்று சான்றிதழில் போட்டிருக்கிறது. இதனால்தான் வந்ததா என்று கேட்டேன்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாது சார். பிரஷரும் இருந்துச்சு. ஆனா இது இருந்து வைத்தியம் பண்ணாம விட்டா அந்த ஆபத்து கூடும். அவங்களுக்குத்தான் ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சே. நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். வீட்டுக்கு அது வழியே இல்லை.

ஆகஸ்ட் 27

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுகள் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளையும் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். சுபா மட்டும் ஒரு வாரம் என்னோடு இருக்கிறேன் என்று தங்கியிருக்கிறாள். அம்மா கட்டிலில் அவள் படுத்தாள். நான் கூடத்தில் பாய் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றரை மணி இருக்கும். மங்கையின் குறட்டை கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கனவு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அறையில் இருப்பது சுபா. அதே மேடேறும் சத்தம். பிறகு நின்றது. இருட்டில் நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்தைந்து வரை எண்ணினேன். அதற்குள் உள்ளே போய் அவளை உலுக்கிவிட்டேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

முப்பத்தொரு வயதுப் பெண். அம்மாவுடைய அதே சின்னத் தாடை. அது அழகு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 28

காபி கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். பகலில் தூக்கம் வருகிறதா?

"எந்த டீச்சருக்குத்தான்ப்பா வராது. போன மாசம் ஸ்கூட்டில போறப்ப ஒரு செகண்ட் கண்ணு சொருகி பிரேக் போட்டேன். கீழ எல்லாம் விழல."

டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றேன். தலையசைத்து மறுத்துவிட்டாள்.

"அம்மாவுக்கே அது இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சுல்ல. இதோ என் போன்லயே இருக்கு பாருங்க, மணிக்கு மூணு. அம்மா மாதிரியே எனக்கும் சும்மா குறட்டைதான்."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். மாப்பிள்ளை அவள் குறட்டையை போனில் பதிவு பண்ணி அவர்கள் வீட்டு வாட்ஸப் குரூப்பில் போட்டாராம். நாத்தனார் சிரிக்கிற பொம்மை அனுப்பினாளாம். அதிலிருந்து அவர் தூங்கின பிறகுதான் இவள் கண்ணை மூடுகிறாளாம்.

"அவர் சும்மா தமாஷுக்குத்தான்ப்பா பண்ணாரு. நீங்க அம்மாவப் பண்ணாததா."

என்ன கோபத்தில் எழுதுகிறேனோ, பேனா தாளைக் கிழிக்கிறது. மாப்பிள்ளை மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகஸ்ட் 30

இன்று சுபாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக இந்த நோட்டுக்குக்கூடச் சொல்லாததை. அந்த ரிப்போர்ட்டை நம்பிக்கொண்டு அவள் போனால், அவள் அம்மாவைப் போலவே ஒரு நாள் காலையில் எழுந்திருக்க மாட்டாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பத்திரம் போல எழுதிவிடுகிறேன்.

ஜூலை 3 இரவு மங்கை தூங்கவில்லை. அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு, விடியும்வரை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். யாரோ ஒரு ஆண் உட்கார்ந்து தன் குறட்டையைக் கேட்பான் என்ற வெட்கத்தில். மண்டபங்களில் அவள் சாமான்களைக் காவல் காத்ததும் அந்த வெட்கத்தில்தான்.

எனக்கு அது தெரியும். காலையில் விழித்ததுமே தெரியும். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு இரவு முழுக்கச் சத்தம் இல்லை என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். இட்லியைத் தின்றுகொண்டே படிவத்தில் தூங்கிய மணி ஏழு என்று எழுதினேன். உடனிருந்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

ஆடிப்பெருக்கு அன்று அவளே சொன்னாள். "அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலீங்க."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா ஏன் ஏழுன்னு எழுதினீங்க?"

பதில் சொல்லவில்லை. ஆவணி பிறந்ததும் திருச்சி போகலாம் என்று மட்டும் சொன்னேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பதில் என்னிடம் இருந்தது. நார்மல் என்று வந்துவிட்டால், நான் இத்தனை வருடம் செய்த பகடி வெறும் பகடியாக இருந்துவிடும். வியாதி என்று வந்தால், ஒருத்தி பக்கத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததை நான் ஊர் ஊராக நடித்துக் காட்டியிருக்கிறேன் என்றாகிவிடும். அதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஏழு என்று எழுதினேன்.

இவ்வளவையும் சுபாவிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க நல்லாத் தூங்கினீங்களாப்பா?"

"தூங்கினேன்."

எழுந்து போய்ப் பையில் துணியை அடுக்கினாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். டாக்டரைப் பார் என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6

போன் இல்லை. நான் போட்டால் எடுப்பதில்லை. சாதம் குழைந்துவிட்டது.

செப்டம்பர் 16

சுபா கூப்பிட்டாள். குரலில் ஒட்டுதல் இல்லை.

"திருச்சியில இருபதாம் தேதி டெஸ்ட். கூட ஒரு ஆள் இருக்கணுமாம். இவரு லீவு போட முடியாதுன்னுட்டாரு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

வருகிறேன் என்றேன். வைத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன்.

செப்டம்பர் 21

திருச்சியிலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன்.

நேற்று இரவு ஒன்பதரைக்கு அவளுக்கு ஒயர் ஒட்டினார்கள். தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பசை வைத்து, நெற்றியில், கண் ஓரத்தில், மோவாயில், காலில் என்று இருபதுக்கு மேல். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அந்தோணி என்று ஒருவர். ஆண்தான், நடுத்தர வயது.

மணி பத்தரை. சத்தம் இல்லை. பதினொன்று. சத்தம் இல்லை. உள்ளே அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா மாதிரியே விடிய விடியப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். கடவுளிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டவன் இல்லை. நேற்று கேட்டேன். என் பெண் குறட்டை விட வேண்டும். தெருவே கேட்கிற மாதிரி விட வேண்டும். வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, அந்த வழியாகப் போன நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு அந்த மேட்டில் ஏறிவிட்டது. நான் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு அந்தோணி வெளியே வந்தார். "நல்லாத் தூங்குறாங்க சார். ஆனா நிறைய நிக்குது. மணிக்கு நாப்பத்தி நாலு வருது. டாக்டர்ட்ட பேசிட்டேன், மிச்ச ராத்திரிக்குக் காத்து மிஷின் போட்டுப் பாக்கலாம்னாரு."

உள்ளே போய் அவளை எழுப்பி, மூக்கில் ஒரு சின்ன முகமூடியை மாட்டினார். அதில் ஒரு குழாய், குழாய் முனையில் ஒரு பெட்டி, பூஜைப் பெட்டி அளவுதான் இருக்கும். அது மெல்லிய காற்றை ஊதித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுமாம்.

பிறகு சத்தம் நின்றது. நான் பதறி எழுந்தேன். கதவைத் திறக்கப் போன என்னை அந்தோணி உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்க, மூச்சு போகுது." ஒரு கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான் சார். தினம் போட்டுக்கணும், அவ்வளவுதான்."

இவ்வளவுதான். ஒரு இரவு தூங்கி, ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் தீர்ந்திருக்கும். இதைத்தான் நான் ஏழு என்று ஒரு எண் எழுதி அவளுக்கு இல்லாமல் செய்தேன்.

காலை ஆறரைக்கு சுபா வெளியே வந்தாள். தலையெல்லாம் பசை, கன்னத்தில் முகமூடிப் பட்டை அழுத்திய தடம். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று வாரமாக என்னைப் பார்க்காத கண், இப்போது என்னைப் பார்த்தது. தெளிவாக இருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலையில் எழுந்து வருவாளே, அந்த முகம்.

"அப்பா, தலை வலிக்கவே இல்ல. தூக்கம்னா இப்படித்தான் இருக்குமா?"

இருக்கும் என்று தலையாட்டினேன்.

"அம்மா இப்படி ஒரு நாளாவது தூங்கியிருப்பாளாப்பா?"

"இல்லம்மா," என்றேன். "ஒரு நாள்கூட இல்ல."